சுவாமிமலைச் சிற்பக்கூடத்தில் கணக்கு எழுதியபோது

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஒரு சிற்பக்கூடத்தில் பல ஆண்டுகள் அலுவலக வேலை பார்த்தேன். கணக்கு, கடிதப் போக்குவரத்து, ஆர்டர் எடுப்பது, வெளிநாட்டுக்கு அனுப்பும் காகிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நான் படித்தது வணிகவியல். சிலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்கள் பேச்சைக் கேட்டு, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில், மனிதக் கற்பனை எங்கே ஊறுகிறது என்பதைப் பற்றி எனக்கென்று ஓர் எண்ணம் உருவானது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆர்டர் படிவத்தில் நான் நிரப்ப வேண்டியவை கொஞ்சம்தான். எந்த மூர்த்தி, எத்தனை அங்குலம், கனமாக வார்ப்பதா உள்ளே கூடாக வார்ப்பதா, பூஜைக்கா வரவேற்பறைக்கா. மற்றதெல்லாம் ஏற்கனவே முடிவானது. கைகள் எத்தனை, எந்தக் கையில் என்ன, எந்தக் கால் மடங்கும் என்பதையெல்லாம் தியான சுலோகமும் சிற்ப நூல்களும் சொல்லிவிடுகின்றன. ஸ்தபதி, அதாவது தலைமைச் சிற்பி, ஒரு தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அதில் அளவுக் குறிகள் போடுவார். சிவன், விஷ்ணு போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்ற அளவு முறை, மொத்த உயரத்தை 124 பாகமாகப் பிரிப்பார்கள். அம்பாளுக்கு மத்திம தசதாளம், 120 பாகம். நெற்றி, மூக்கு, கழுத்து என்று உடம்பு முழுக்க அந்த ஓலைக்குள் அடங்கிவிடும்.

பட்டறையைப் பார்க்க வரும் ஓவியக் கல்லூரி மாணவர்கள் தவறாமல் கேட்பது இதைத்தான்: இவ்வளவு கட்டுக்குள் இவர்கள் சொந்தமாக என்ன செய்துவிட முடியும்?

அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்குப் பேச்சில் பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் முடிந்த சிலைகளை வரிசையாக வைத்தால், எது யார் கை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஒருவர் செய்யும் அம்பாளுக்குக் கன்னம் லேசாகத் திரண்டிருக்கும். இன்னொருவர் செய்தால் இமை கொஞ்சம் கனத்திருக்கும், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி. எல்லாரும் அதே ஓலை அளவில்தான் செய்கிறார்கள். ஜாடை மட்டும் அளவுக்குள் சிக்காமல் வந்துவிடுகிறது. யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, போடவும் தேவையில்லை.

ஒருநாள் ஸ்தபதி ஐயா நடராஜர் முகத்தில் உதடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. இளஞ்சூடான கரண்டி முனையால் உதட்டோரத்தை ஒரு தடவை அழுத்திவிட்டு, ரொம்ப நேரம் பார்த்தபடியே இருந்தார். உதட்டுக்கு நூலில் அளவு இருக்கிறதே, சிரிப்புக்கு அளவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “அதுக்கு அளவு கிடையாதும்மா. பாட்டு தெரியணும்” என்றார்.

அவர் சொன்ன பாட்டு தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்ததுதான். தில்லையில் அப்பர் பாடிய ‘குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயிற் குமிண்சிரிப்பும்’. வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பதில் மனதைவிட்டுப் போகவில்லை. அப்பர் ஏழாம் நூற்றாண்டுக்காரர். ஆனந்த தாண்டவ நடராஜர் செப்புத் திருமேனியாகக் காவிரிக் கரைக் கோயில்களில் பெருகியது பத்தாம் நூற்றாண்டில், சோழ அரசி செம்பியன் மாதேவியார் கோயில் கோயிலாகக் கல்லால் எடுத்துக் கட்டிய காலத்தில். புருவத்தையும் சிரிப்பையும் எடுத்த பாதத்தையும் முதலில் ஒரு பக்தர் பாடினார். ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அதைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த ஒருவருடைய கை பிற்பாடு மெழுகைத் தொட்டது. சோழர் கலையின் அந்தப் பெரிய பாய்ச்சலுக்கு அரச செல்வமும் நெல் விளைச்சலும் காரணம் என்பார்கள், சரிதான். ஆனால் அந்த உதட்டோரம் செல்வத்தால் வராது. ஒரு மூர்த்தியை முந்நூறு வருஷம் ஊரே நேசித்துப் பாடியிருக்க வேண்டும்.

இதனால்தான், படைப்பு ஒரு தனி மனிதனின் மண்டைக்குள் திடீரென்று பொறி தட்டிப் பிறக்கிறது என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. பட்டறையில் நான் பார்த்தது வேறு மாதிரி. தன்னைவிடப் பெரிய ஒன்றின்மேல் வைத்த அன்பு முதலில் வருகிறது. அதற்குத் தகுதியாகச் செய்ய வேண்டும் என்ற பயம் அடுத்து வருகிறது. அந்தப் பயத்தில் கை நுணுக்கமாகிறது.

இனி வார்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெழுகு உருவின்மேல் சலித்த காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் காயவைத்து, அப்புறம் களிமண்ணும் மணலும் கலந்து கனமாகப் பூசுவார்கள். பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பி சுற்றிக் கட்டுவார்கள். வறட்டி அடுக்கிச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகித் துளை வழியாக வெளியே வந்துவிடும். வாரக்கணக்கில் செதுக்கிய முகமும் விரலும் அந்த மெழுகோடு போய்விடும். மண்ணுக்குள் மிஞ்சுவது ஒரு வெற்றிடம். மெழுகின் எடையைப்போல் எட்டு ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செம்பும் பித்தளையும் ஈயமும் எடுத்துவைப்பது என் வேலையில் சேர்ந்தது. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும், மற்றது சேர்ந்த கலவை அதற்குக் கொஞ்சம் குறைவான சூட்டிலேயே இளகும். ஆர்டர் கொடுத்த குடும்பத்தார் வந்திருந்தால், மூசை என்ற உருக்கும் பாத்திரத்தில் உலோகம் கொதிக்கும்போது ஒரு மோதிரத்தையோ தோட்டையோ கழற்றி உள்ளே போடுவார்கள். ஐம்பொன்னில் தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் இப்படித்தான் சேர்கிறது.

அச்சைக் குழியில் புதைத்து நிறுத்திய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மண்ணில் ஈரம் இருந்தால் உலோகம் சீறித் தெறிக்கும், ஆள் மேலேயே விழும். காற்றுப் போக வழி சரியில்லையென்றால் விரல் நுனிவரை உலோகம் போகாது. ஊற்றும் ஓட்டம் இடையில் அறுந்தால் சிலையில் வடு விழும். அடுப்பு முன்னால் சூடம் கொளுத்திவிட்டுத்தான் ஊற்றத் தொடங்குவார்கள், அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். தெரிந்த வித்தையெல்லாம் முடிந்த இடத்தில் சூடம் கொளுத்துகிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு மனிதன் தன் உழைப்பு முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறான் என்றால், அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும்.

பட்டறைகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை கோனேரிராஜபுரத்து நடராஜர் கதை. எத்தனை முறை வார்த்தும் சரியாக வராமல் ஸ்தபதி நொந்துபோய் இருக்கிறார். அரசன் கெடு வைத்துவிட்டான். அந்த நேரத்தில் ஒரு வயதான தம்பதி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள். “உலோகக் குழம்புதான் இருக்கிறது, வேண்டுமானால் குடியுங்கள்” என்று ஸ்தபதி எரிச்சலில் சொல்லிவிடுகிறார். அவர்கள் குடிக்கிறார்கள். குடித்த இடத்திலேயே நடராஜரும் சிவகாமியும் ஆகிவிடுகிறார்கள். அந்தத் திருமேனியில் மச்சமும் நகமும் ரோமமும் தெரிவதாக ஊரில் சொல்வார்கள்.

இந்தக் கதை ஸ்தபதியின் திறமையைப் பறித்துச் சாமியிடம் கொடுத்துவிடுகிறது என்று எங்கள் பட்டறைக்கு வந்த ஆய்வாளர் ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வார்ப்புக் குழி ஓரத்தில் நின்றிருக்காதவர் இந்தக் கதையைக் கட்டியிருக்கவே முடியாது. திரும்பத் திரும்பத் தோற்றவனிடம்தான் அருள் வருகிறது. அத்தனை முறை குழம்பு காய்ச்சி வைத்திருந்தவனிடம்தான் வந்து குடிக்கக் கேட்கிறது. உழைப்பு இல்லாமல் அருள் இறங்கியதாகக் கதை சொல்லவில்லை. உழைப்பு மட்டுமே போதும் என்றும் சொல்லவில்லை. நல்ல வேலை அமைந்துவிட்ட நாளில் எங்கள் ஆட்களும் “நான் செய்தேன்” என்று சொல்லிக் கேட்டதில்லை. “வந்துடுச்சு” என்பார்கள்.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் எனக்குத் தனிப் பிரியம். ராஜராஜன் தான் கொடுத்த செப்புத் திருமேனிகளைப் பாதாதிகேசாந்தம், அதாவது பாதம் முதல் தலைமுடி வரை, இத்தனை முழம், இத்தனை விரல், இத்தனை தோரை என்று அளந்து எழுதவைத்திருக்கிறான். கை எத்தனை, பீடம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கிறது. எங்கள் சரக்குப் பதிவேடே தோற்றுவிடும். கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் உண்டு. கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் உண்டு. அந்தத் திருமேனிகளை வார்த்தவர்கள் யார் என்று மட்டும் கல்வெட்டு பேசவில்லை. இதில் எனக்கு ஆற்றாமை இருக்கிறது. பெயரை விட்டுவிடுவது பக்தியின் அடையாளம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் விட்டது அவர்களா, எழுதியவர்களா? பக்தியைக் காரணம் காட்டி உழைத்தவன் பெயரைத் தொலைப்பது எந்தக் காலத்திலும் நியாயமில்லை.

சிலை வார்த்தவர்கள் எதற்காக உழைத்தார்கள் என்பதைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நின்றால் கொஞ்சம் உணரலாம். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவன், அங்கே இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். ஒரு கை ரிஷபத்தின்மேல் சாய்ந்திருக்கிறது, ஆனால் ரிஷபம் இல்லை. காலப்போக்கில் தொலைந்துவிட்டது. இருந்தும் அந்தக் கை காற்றில் தொங்கவில்லை, எதன்மேலோ பாரம் போட்டு இளைப்பாறுகிறது. எங்கள் ஸ்தபதி ஐயா புதிதாகச் சேரும் பையன்களை அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். கோயிலில் இருந்த காலத்தில் இந்த மூர்த்தி பட்டும் மாலையும் நகையும் சாத்தித்தான் வீதிக்கு வந்திருப்பார். ஜனங்களுக்கு முகமும் கையும்தான் தெரிந்திருக்கும். இடுப்பின் வளைவையும் தோளின் சரிவையும் பார்த்திருக்கக்கூடியவர் அபிஷேகம் செய்த குருக்கள்தான். அது தெரிந்தும் செய்திருக்கிறார்கள். பார்வையாளர் கூட்டத்துக்காக மட்டும் வேலை செய்கிறவன் அந்த இடங்களை அவ்வளவு கவனமாகச் செய்ய மாட்டான்.

அப்படியானால் நம்பிக்கை இல்லாதவருக்கு இது கைவராதா? எங்கள் கூடத்தில் உளி வேலையில் கெட்டிக்காரர் ஒருவர் பெரியார் கொள்கைக்காரர். கோயிலுக்குள் போக மாட்டார். அரம் போட்டு, சீவி, நகை வேலையை உளியால் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு தடவை நானே கேட்டுவிட்டேன். “எனக்குச் சாமி இல்லக்கா. எங்க வாத்தியார் இருக்காரு. அவர் பார்த்தா என்ன சொல்வாருன்னு நெனச்சுத்தான் உளி வைக்கிறேன்” என்றார். அவருடைய வாத்தியார் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த வாத்தியாருக்கு ஒரு வாத்தியார், அவருக்கு ஒருவர் என்று பின்னால் போனால், எங்கோ ஒருவர் முழு நம்பிக்கையோடு மெழுகைத் தொட்டவராகத்தான் இருப்பார். உயிரோடு இல்லாத ஒருவர் பார்க்கிறார் என்று எண்ணி வேலை செய்வதும் எனக்கு நம்பிக்கையாகத்தான் படுகிறது.

பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913இல், சென்னை அருங்காட்சியக நடராஜரைப் புகைப்படங்களில் மட்டும் பார்த்து உருகி எழுதினார். 1921இல் அது அச்சானது. சைவமும் தேவாரமும் அவர் வளர்ந்த உலகம் இல்லை. பக்தியில் பிறந்த உருவம் அந்தப் பக்தியை அறியாதவரிடமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வெளிநாட்டுக்குச் சிலை அனுப்பத் தொல்லியல் துறையிடம் பழம்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்க வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை பழம்பொருள். ‘புதிதாகச் செய்யப்பட்டது’ என்று விண்ணப்பத்தில் எழுதும்போதெல்லாம், ஸ்தபதி ஐயா “நான் புதுசா எதுவும் செய்யலையேம்மா” என்பார். எனக்கு இரண்டுமே உண்மையாகத் தோன்றும்.

2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் சுவாமிமலையில் வார்த்த 27 அடி நடராஜரை நிறுத்திய பிறகு, இந்த ஊர் வேலையைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே அவசரமும் வந்திருக்கிறது. ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றினால் ஒரே முகம் வேண்டிய மட்டும் எடுக்கலாம், செலவும் குறைவு. கூலிக்கு வேலை செய்கிறவரை அதற்காகக் குறை சொல்ல முடியாது. வாங்கிப் போனவர் வீட்டில் அந்தச் சிலைக்கும் விளக்கு ஏற்றுகிறார்கள், அதிலும் குறையில்லை. என் கவலையெல்லாம் அதிலேயே பழகும் பையன்களைப் பற்றித்தான். உதட்டோரத்தை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும் நேரம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கும்பாபிஷேகத் தேதியை முதலில் குறித்துவிட்டு, இத்தனை நாளில் உற்சவர் வேண்டும் என்று சிற்பக்கூடத்துக்குப் போன் செய்யாதீர்கள். தேதிக்கு முன்பே நேரில் வாருங்கள். மெழுகில் முகம் முடிந்ததும் இன்னொரு தடவை வந்து பாருங்கள். திருத்தம் சொல்வதென்றால் அப்போது சொல்லலாம், மண் பூசிய பிறகு சொல்ல முடியாது.