1215-இல் ஒலித்த வானொலி

1993 ஏப்ரல் 30 அன்று, நண்பகல் 12.15 மணிக்கு, ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் ரேடியோ 1215 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைவரிசையில் பிரிட்டன் முழுவதற்குமான ஒலிபரப்பைத் தொடங்கியது. அலைவரிசை எண்ணையே கடிகார நேரமாக்கிய அந்தக் குறும்பு ரசிக்கத்தக்கது. நாடு தழுவிய தனியார் பண்பலை உரிமத்தைப் பாப் இசைக்கு வழங்கக் கூடாது என்று சட்டம் தடுத்து, அது மேற்கத்தியச் செவ்வியல் இசை நிலையமான கிளாசிக் எஃப்எம்முக்குப் போய்விட்டதால், ஸ்டீரியோவில் கேட்க வேண்டிய ராக் இசை, பிபிசி ரேடியோ 3 காலி செய்த மத்திய அலையில் கரகரப்போடு மோனோவில் ஒலித்தது. இசைக்கு இது அநீதி என்றே சொல்வேன். 1997-இல் வானொலித் தொகுப்பாளர் கிறிஸ் எவான்ஸ் வர்ஜின் ரேடியோவை வாங்கினார். பின்னர் 2008-இல் அதை வாங்கியது நம்முடைய டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் என்பது பலருக்குத் தெரியாது. வர்ஜின் என்ற பெயர் விற்பனையில் சேராததால், நிலையம் அப்சல்யூட் ரேடியோ ஆனது. மத்திய அலை ஒலிபரப்பு 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.