எடை மெஷின், இஞ்ச் டேப், ஒரு கறுப்புக் கயிறு

தை மாதம் ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு ஒரு சடங்கு. காபிக்கு முன், கழிவறைக்குப் பின். மோதிரம் கழற்றப்படும், கைக்கடிகாரம் கழற்றப்படும், மூக்குக்கண்ணாடிகூடக் கழற்றப்படும். கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது என்பதால் குனிந்து பார்ப்பேன்; குனிந்தால் எண் ஆடும். உடம்பில் மிஞ்சியது அரைஞாண் கயிறு மட்டும்தான். அதையும் கழற்றியிருப்பேன், அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

முதல் நாள் 84.2 கிலோ. உயரம் ஐந்தடி ஆறங்குலம். மேற்கொண்டு விவரிக்க வேண்டாம்.

ஒரு மாதத்தில் 82க்கு வந்துவிட்டேன். தெருவில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம். இரண்டு அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை சாதம், பாயசம் ஒரே ஒரு கரண்டிதான் (இரண்டு). திங்கள் காலை மெஷின் 83.6 என்றது. இறங்கி, தரையை மாற்றி, மறுபடி ஏறினேன். 83.7.

"ஏறிடுச்சாங்க?" என்றாள் மனைவி, என் முகத்தைப் பார்த்தே.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள்தான் கணக்குப் போட்டாள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக உள்ளே போக வேண்டுமாம். 1.6 கிலோவுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். "இட்லிக்கு அறுபது கலோரின்னு வெச்சாலும் இருநூறு இட்லிப்பா. நேத்து சாப்பிட்டீங்களா, பந்திக்கே பாயைச் சுருட்டிட்டீங்களா?"

அப்புறம் அவளே இரக்கப்பட்டு விளக்கினாள். அப்பளம், ஊறுகாயில் இருக்கும் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோற்றின் மாவுச்சத்து கிளைக்கோஜனாகத் தசையில் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். போதாததற்கு, நேற்றைய பந்தியில் பாதி இன்னும் குடலில்தான் உட்கார்ந்திருக்கும். "நீங்க கொழுப்பை நிறுக்கலப்பா, குடத்தை நிறுக்கறீங்க." வியாழக்கிழமை 82.1. அழுகிற மாதிரி இருந்த நான் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

ஆனால் அதற்கப்புறம் ஆறு வாரம் மெஷின் அசையவே இல்லை. 82.3, 81.8, 82.2. நடைப்பயிற்சியோடு டம்பிள்ஸும் தூக்க ஆரம்பித்திருந்தேன். தசை கொஞ்சம் கூடினால் கொழுப்பு குறைவது எண்ணில் தெரியாது என்பது மகளின் கட்சி. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருந்தது. அம்மாவைக் கேட்கலாமென்றால், அவர் நான் ஹாஸ்டலுக்குப் போன நாள் முதல் "துரும்பா இளைச்சுட்டியேடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். 84.2இலும் அதையேதான் சொன்னார். அந்த மெஷின் எப்போதும் ஒரே எண்தான் காட்டும்.

மனைவி தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். பேன்ட் சைஸ் வேறு, இடுப்பளவு வேறு என்பது தை மாதமே தெரிந்துபோன கசப்பு. 36 பேன்ட் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்தால் 40 அங்குலம். தொப்பைக்குக் கீழே பேன்ட்டை மாட்டிக்கொண்டு 36 என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். நம் ஊர் ஆண்களுக்கு எல்லை 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம்.

"மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்."

"பொய். காது சிவக்குது."

மூச்சை விட்டும் 38தான் இருந்தது. இரண்டு அங்குலம் காணோம்! ஆனால் அளந்தது மனைவி. பாசத்தில் டேப்பை இழுத்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்த வாரமே டெய்லரிடம் போனேன். என் அளவு ரொம்ப வருஷமாக அவருடைய நீள நோட்டில் இருக்கிறது. அளந்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி அளந்தார். "இது உங்க பக்கம்தானா சார்?" என்று பக்கத்தைத் திருப்பிப் பெயரைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சுகர் பார்த்தீங்களா?" என்றார். எனக்கு இத்தனை மாதத்தில் கிடைத்த முதல் பாராட்டு இதுதான். கடையிலிருந்த இன்னொருவர் ஒரு கஷாயம் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அம்மாதான் கண்டுபிடித்தார். குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவனை நிறுத்தி, "என்னடா, கயிறு இறங்கிக் கிடக்கு?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். போன வருஷம் வரை அந்தக் கறுப்புக் கயிறு வயிற்றில் தண்டவாளம் மாதிரித் தடம் போட்டிருந்தது. உட்கார்ந்தால் காணாமல் போய்விடும், தேடித்தான் எடுக்க வேண்டும். இப்போது தடமும் இல்லை, கயிறும் இடுப்பில் நிற்கவில்லை. மெஷினில் ஏறும்போதெல்லாம் கூடவே இருந்திருக்கிறது. நான்தான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை புதுக் கயிறு வந்தது. புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுக்க வேண்டும் என்று அம்மா மேற்பார்வை செய்தார். இரண்டையும் ஒப்பிட்டபோது பழையது மூன்று விரற்கடை நீளம். "சொன்னேன்ல, துரும்பா இளைச்சுட்டான்னு" என்றார் அம்மா, மருமகளைப் பார்த்து.

அறுத்த கயிறைச் சும்மா ஒரு முறை எடை மெஷின் மேல் வைத்துப் பார்த்தேன். அது கண்ணே திறக்கவில்லை.