பன்னிரண்டரை மணி நேர நைட்டும் நர்ஸின் இடுப்பும்

பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்கு வருபவர்கள் முதலில் பழக வேண்டியது 12½ மணி நேர ஷிப்டுக்கு. பல வார்டுகளில் இரவு ஏழரைக்கு நுழைந்தால் காலை எட்டுக்குத்தான் கிளம்ப முடியும். ஆனால் முதுகைக் கெடுப்பது நேரம் மட்டுமல்ல. நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் அட்டெண்டர் கூடவே இருப்பார், புரட்ட ஒரு கை கொடுப்பார். இங்கே இரவில் பெரும்பாலும் நர்ஸும், அவருக்கு உதவும் பணியாளரான ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்டும்தான்.

கட்டிலில் சரிந்து கிடப்பவரை அக்குளில் கை கொடுத்து இழுக்கும் பழக்கத்தை விமானம் ஏறும்போதே விட்டுவிடுங்கள். அவர் தோள்பட்டையும் போகும், உங்கள் இடுப்பும் போகும். பெண்கள் தூக்க, உடலை ஒட்டி இடுப்பு மட்டத்தில் 16 கிலோ என்பதே இங்குள்ள வழிகாட்டி அளவு. 70 கிலோ மனிதரின் ஒரு காலே ஏறக்குறைய 12 கிலோ வரும்.

முதலில் கட்டிலின் பிரேக்கைப் போட்டு, இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். மூச்சுத் திணறல் இல்லையென்றால் தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். நோயாளியை ஒருக்களித்து, அவரை எளிதாக வழுக்கி நகர்த்த உதவும் விரிப்பான ஸ்லைடு ஷீட்டை அடியில் விரித்து, பக்கத்துக்கு ஒருவராக நில்லுங்கள். கையால் இழுக்காமல், உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி நகர்த்துங்கள். முடிந்ததும் ஷீட்டை உருவிவிடுங்கள். அது அடியில் கிடந்தால் நோயாளி வழுக்கி விழுவார். கட்டிலையும் மறுபடி தாழ்த்த வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தவர்களே அதிகாலை நாலு மணிக்குத் தவறுகிறார்கள். உடல் வெப்பம் மிகக் குறையும் நேரம் அது. கவனமும் கூடவே மந்தமாகும். ஸ்லைடு ஷீட் எடுக்க நாலடி நடக்கச் சோம்பல் வரும். மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு வந்தால் வித்தியாசம் தெரியும். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும் என்பதால் படுக்கையறைக்கு வெளிச்சம் புகாத திரைச்சீலை அவசியம். நைட் முடிந்து கார் ஓட்டுவதானால் கிளம்பும் முன் இருபது நிமிடம் கண்ணயருங்கள். வெயில் குறைவு என்பதால் இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. நம் தோல் நிறத்துக்கு ஆண்டு முழுவதும் எடுப்பது நல்லது.

விசா போய்விடுமோ என்று பயந்து வலியை மறைப்பவர்கள் ஏராளம். இடுப்பு பிடித்துக்கொண்ட அதே ஷிப்டிலேயே இன்சிடென்ட் ரிப்போர்ட் போடுங்கள். நேரம், கட்டில் எண், கூட இருந்தவர், எந்தக் கருவி கிடைக்கவில்லை என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு ஊழியர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் பிரிவான ஆக்குபேஷனல் ஹெல்த்தில் நீங்களே நேரம் கேளுங்கள்.