பெட் ஸ்கேன் சுத்தம், தலைவலி மட்டும் போகவில்லை

அம்மாவுக்கு ஹெர்2 பாசிட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய், அதாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை. ஆபரேஷன், கீமோ, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் காலையில் எழுந்ததுமே தலைவலி, வாந்தி, நடையில் லேசான தள்ளாட்டம். பித்தம் என்று பெரியம்மா இஞ்சிச் சாறு கொடுத்தார், தெருமுனை டாக்டர் கேஸ் மாத்திரை எழுதினார். கொஞ்ச நாள் முன்னால்தான் பெட் ஸ்கேன் சுத்தமாக வந்திருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இதை எழுதுவதே அந்த பெட் ஸ்கேனுக்காகத்தான். அதில் ஏற்றுகிற மருந்து ஒருவகைச் சர்க்கரை, புற்றுநோய்க் கட்டி அதை அதிகமாக இழுத்துப் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் மூளை எப்போதுமே சர்க்கரையை அள்ளி இழுப்பதால் படத்தில் முழுசும் பளிச்சென்று இருக்கும், சின்னக் கட்டி அதற்குள் தெரியாமலே போகலாம். பல இடங்களில் ஸ்கேனே மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து தொடை வரைதான். தலைக்குக் கான்ட்ராஸ்ட் (படத்தில் கட்டியை எடுத்துக்காட்டும் மருந்து) போட்டு எம்ஆர்ஐதான் எடுக்க வேண்டும். எடுத்தோம், சிறுமூளையில் கட்டி, மார்பகப் புற்றுநோய்தான் அங்கே பரவியிருந்தது. முதுகுத்தண்டுக்கும் எடுத்தார்கள், அங்கே ஒன்றுமில்லை.

ஊசி நன்றாகக் கேட்டதே, பின் எப்படி என்று கேட்டேன். டிராஸ்டுசுமாப் பெரிய மூலக்கூறு, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டி அதிகம் போகாதாம்.

கட்டியைச் சுற்றியிருந்த வீக்கம் வற்ற டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். தலைவலி சட்டென்று இறங்கியது, ஆனால் தூக்கம் போய், சர்க்கரை ஏறி, நடுராத்திரியில் தட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது வேளையை மதியத்தோடு முடிக்கச் சொன்ன பிறகு பரவாயில்லை. அதை நாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்து கட்டிக்கு மட்டும் குறிவைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, ஆறி இறுகும் வரை பிடிக்கிறார்கள். வெளியே வந்தபோது அம்மாவின் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக அச்சு. வலி இல்லை, மூச்சு முட்டுகிற பயம்தான். பயமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாத்திரை தருவார்கள்.

மூளைக்குப் போகும் மருந்து என்று 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுகாடினிப் பற்றியும் பேச்சு வந்தது, விலையைக் கேட்டதோடு சரி. எங்கள் கைக்கு எட்டியது லபாடினிப், கேபசிடபின் மாத்திரைகள். வயிற்றுப்போக்கு இருக்கிறது, சமாளிக்கிறோம். கேபசிடபினில் உள்ளங்கை கறுத்து உரிகிறது, விரல் ரேகையே மழுங்கிவிட்டது. ரேஷன் கடையில் மெஷின் ஏற்கவே இல்லை, இப்போது அப்பாதான் போய் வாங்கி வருகிறார்.