புதன்கிழமை ராத்திரி 11.59

மூணு மாசமா எங்க வீட்ல புதன்கிழமைன்னா ராத்திரிக்கு உப்புமா தான். என்பிடெல்னு ஆன்லைன்ல பாடம் நடத்தறாங்களே, அதோட அசைன்மென்ட்ட அன்னிக்கு ராத்திரி 11.59க்குள்ள போட்டாகணும், நானோ பத்தரைக்குத்தான் லேப்டாப்பயே திறப்பேன், அதுக்கு மேல எங்க தோசை சுடறது.

எனக்கு 42 வயசு. பி.காம் முடிச்சது 2003ல, அதே வருஷந்தான் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து இந்த என்பிடெல்ல ஆரம்பிச்சாங்களாம், அப்ப எனக்கு ஈமெயில் ஐடி கூட கிடையாது. இப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். சனிக்கிழமை சம்பளம் போடணும்ங்க, ஒருத்தர் ஒரு ஷிப்ட், ஒருத்தர் ஒன்றரை, நடுவுல அட்வான்ஸ் கழிக்கணும், வெள்ளிக்கிழமை எல்லாம் எக்செல் முன்னாடியே உக்காந்து கண்ணு பூத்துப் போகும். அக்கா பையன் தான் "ப்ரோக்ராம் எழுதற பைத்தான் லாங்வேஜ் கத்துக்கங்க சித்தி, சுலபம்"னு சொன்னான். அந்த சுலபம்ங்கற வார்த்தைய மட்டும் நம்பவே கூடாது.

மொதல்ல சேந்தது ஹார்வர்ட் யுனிவர்சிட்டியோட சிஎஸ்50ங்கற கம்ப்யூட்டர் கோர்ஸ், அதுவும் ஃப்ரீ தான். அத நடத்தற டேவிட் மாலன் மேடைல நடந்துக்கிட்டே பேசறது சினிமா பாக்கற மாதிரி இருக்கும், ஸ்பீடு 0.75ல வச்சுப் பாத்தேன். மொத வாரம் ஸ்க்ராட்ச்ல, அதாவது கட்டம் கட்டமா அடுக்கி ப்ரோக்ராம் பண்றதுல, பூனைய நடக்க வச்சாச்சு, அடுத்த வாரம் சி லாங்வேஜ்ல மாரியோ கேம்ல வர்ற படிக்கட்ட ஹேஷ் (#) குறியால வரையச் சொன்னாங்க, அங்கயே நின்னுட்டேன். டிசம்பர் 31 வரைக்கும் டைம் இருக்குன்னு போட்டிருந்தாங்களா, தீபாவளி முடியட்டும்னு விட்டேன், அப்புறம் டிசம்பரும் முடிஞ்சுது.

என்பிடெல்ல அந்தப் பாச்சா பலிக்கல. ஐஐடி ரோபர் சுதர்சன் ஐயங்கார் சார் நடத்தின 12 வார பைத்தான் கோர்ஸ் அது. பாடம் பாக்கறது ஓசி, சர்டிபிகேட் வேணும்னா மட்டும் நேர்ல போய் பரீட்ச எழுதணும், அதுக்கு ஆயிரம் ரூபா. நான் ரெண்டாவது வாரமே கட்டிட்டேன். எங்கம்மா "ஆயிரத்துக்கு ஒரு மாச எண்ணெயே வாங்கிருக்கலாம்"னு சொல்லி சொல்லியே என்னைய பாஸ் பண்ண வச்சாங்கன்னு தான் நெனைக்கறேன். நூத்துக்கு 25 மார்க் அசைன்மென்ட், 75 பரீட்ச, பன்னெண்டு அசைன்மென்ட்ல நல்லா பண்ண எட்ட மட்டும் எடுத்துக்கறாங்க. அதனால நோம்பி வந்த வாரம் தைரியமா லீவு விட்டேன்.

நடுவுல பாம்பும் ஏணியும் வெளையாட்டுக்கு ப்ரோக்ராம் எழுதறது வந்துச்சு, அத நானும் பொண்ணும் சேந்து பாத்தோம். ஆனா எனக்கு மறக்காதது ரேஞ்ச் தான், பைத்தான்ல வரிசையா நம்பர் எண்ண வைக்கறது. கம்பெனி சம்பளத்துக்கு சொந்தமா ஒரு ப்ரோக்ராம் எழுதினேன், திங்கள் 1, சனி 6னு வச்சு ரேஞ்ச் போட்டு அதுக்குள்ள 1, 6ன்னு குடுத்தேன். ஓடுச்சு, எர்ரரே இல்ல. எக்செல் மொத்தத்தோட ஒப்பிட்டா இருபதாயிரத்துச் சொச்சம் குறையுது. ஒரு மணி நேரம் அட்வான்ஸ் கழிக்கற கணக்கையே நோண்டிட்டிருந்தேன், அப்புறம் தான் ஒவ்வொரு நாளா ப்ரிண்ட் பண்ணிப் பாத்தா 1, 2, 3, 4, 5, அவ்வளவு தான். பைத்தான் கடைசி நம்பருக்கு முன்னாடியே நின்னுக்கும், அத மூணாவது வாரமோ என்னமோ சொல்லிக் குடுத்தாங்க, நானும் தலையாட்டிட்டு நோட்ல எழுதி வச்சிருக்கேன். அத்தன பேருக்கும் சனிக்கிழம சம்பளத்த முழுங்கிட்டேன்! நல்லவேள பணம் கவர்ல போடறதுக்கு முன்னாடி பாத்தேன், இல்லன்னா டெய்லருங்க என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருப்பாங்க. 6அ 7ஆ மாத்தினேன், கணக்கு டேலி ஆயிடுச்சு.

பரீட்சை கோயமுத்தூர்ல, ஞாயித்துக்கெழம மதியம். ஹால்ல முக்காவாசி காலேஜ் கிரெடிட்டுக்காக வந்த இன்ஜினியரிங் பசங்க. நான் உள்ள போனதும் ரெண்டு பொண்ணுங்க எந்திரிச்சு "குட் ஆஃப்டர்நூன் மேம்"னாங்க. "உக்காருங்க கண்ணு, நானும் எழுதத்தான் வந்தேன்"னேன். மூணு மணி நேரத்துல ஒருக்கா கூட அதுங்க திரும்பிப் பாக்கல, நான் தான் பாத்துட்டே இருந்தேன்.

மார்க் 57. அசைன்மென்ட்ல 21, பரீட்சைல 36. அறுபது வந்திருந்தா எலீட்னு சர்டிபிகேட்ல அடிச்சுக் குடுப்பாங்க, மூணு மார்க்ல போச்சு. அக்கா பையன் அதுக்கும் மேல எலீட் ப்ளஸ் சில்வர் வச்சிருக்கான், போன்ல அத ரெண்டு தடவ ஞாபகப்படுத்தினான்.

இப்ப சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் மாதவன் முகுந்த் சாரோட கோர்ஸ்ல சேந்திருக்கேன், எட்டு வாரம். எடுத்ததுமே ரெண்டு நம்பரையும் மீதி இல்லாம வகுக்கற பெரிய நம்பர கண்டுபிடிக்கறது, யூக்ளிட் முறை. பத்தாவது படிக்கற எம்பொண்ணு எட்டிப் பாத்துட்டு "அம்மா இது எங்க மேத்ஸ் புக்ல ரெண்டாவது பாடம், மீ.பொ.வ"ன்னா. புக்க எடுத்துட்டு வரச் சொன்னேன், நாளைக்கு டெஸ்ட் இருக்கு தர மாட்டேங்கறா.