பால் டீ நிறத்தில் வந்த கியர் ஆயில்

குளச்சல் கரையில், வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் வேலை பார்க்க ஆரம்பித்து 17 வருடம் ஆகிறது. அதில் ஒரே ஒரு எஞ்சினை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் மனசு கனக்கும்.

அது ஆடி மாதம். விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை இருந்தாலும் வள்ளங்கள் தொழிலுக்குப் போகும். கணவாயும் நெத்திலியும் கிடைக்கிற அந்த நாட்களில் எஞ்சின் ஒரு நாள் நின்றால், வள்ளத்தில் போகிற நாலைந்து வீட்டிலும் அன்றைக்கு வருமானம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஒரு அண்ணன் தன் 9.9 குதிரைத்திறன் எஞ்சினை இறக்கிவைத்தார். “ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல தம்பி, கியர் ஆயில் மட்டும் மாத்திக் குடு.”

கியர் பெட்டியின் கீழ் ஸ்குரூவைத் தளர்த்தியதும் முதலில் ஒரு கரண்டி அளவு வெறும் தண்ணீர் வந்தது. மேல் ஸ்குரூவையும் கழற்றினேன். பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்துப்போன ஆயில் இறங்கியது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிபொருளோடு கலக்கிற ஆயில் வேறு. இது கீழே தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற கியர் பெட்டியின் ஆயில். அதில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் பேரிங்கும் பல்லும் துருப்பிடிக்கும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. தெரியவரும்போது வள்ளம் நடுக்கடலில் நிற்கும்.

புரொபெல்லரைக் கழற்றினால், பின்னால் அதைச் சுழற்றுகிற ஷாஃப்டில் தங்கூசி நரம்பு, அதாவது நைலான் மீன்பிடி நரம்பு, இறுகச் சுற்றிக் கிடந்தது. ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்தான் சீல்; அதை நரம்பு அறுத்துவிட்டது, காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அங்கே இருக்கிற இரண்டு சீல்களையும் மாற்றினேன், ஸ்குரூவுக்குப் புது வாஷர் போட்டேன். ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக மேல் ஓட்டையில் வழிகிற வரை ஏற்றினேன். மேல் ஸ்குரூவை முதலில் அடைத்து, பிறகு கீழதை அடைத்து அனுப்பிவிட்டேன்.

எட்டாம் நாள் அதே எஞ்சின் திரும்பி வந்தது, ஆயிலும் அதே நிறத்தில். அண்ணன் சத்தம் போடவில்லை. “நெசமாவே சீல் மாத்தினியா தம்பி?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. ஆயிலை வடித்துவிட்டு, மேல் ஓட்டையில் மீட்டர் வைத்த பம்பை மாட்டி 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரைக்கும் காற்று ஏற்றினேன். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். மீட்டர் முள் இறங்கவில்லை. அப்புறம் ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றினேன். அப்போதுதான் சீல் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. ஷாஃப்டை உருவி, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டினேன். நகம் தட்டி நின்றது. முடி அளவு பள்ளம், ஷாஃப்டைச் சுற்றி வட்டமாக. பழைய சீலின் உதடு உப்பும் மணலுமாக வருடக்கணக்கில் தேய்த்த தடம் அது. புது சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. ஓடிச் சூடான கியர் பெட்டி கடல் தண்ணீரில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். அந்தச் சின்ன இடைவெளி வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

முதல் தடவையே நகத்தை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாததால் அண்ணனுக்கு அடுத்த இரண்டு நாள் தொழிலும் போச்சு.

பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து பள்ளமில்லாத ஷாஃப்டாகத் தேடி எடுத்துப் போட்டேன். சீல்களையும் மாற்றிவிட்டு, ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றிக் காற்றுச் சோதனை பார்த்தேன். கூலி வாங்கவில்லை. பத்து நாள் ஓட்டிவிட்டுக் கண்டிப்பாகக் கொண்டுவரச் சொன்னேன்.

கொண்டுவந்தார். கீழ் ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்பினேன். விரலில் விழுந்த சொட்டு தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார், என் விரலில் இருந்ததைத் தன் விரலால் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். “சரி, விடியக்காலம் போலாம்” என்று சொல்லி எஞ்சினைத் தூக்க ஒரு கை கேட்டார்.