குதிகால் தரையில் படாத நாட்கள்

என் மகள் பதினான்காம் மாதத்தில் நடந்தாள். மூன்று வயதில் நுனிக்காலில் நடக்கத் தொடங்கினாள். விளையாட்டு என்றே நினைத்தோம். சில மாதங்களில், குதிகாலைத் தரையில் வை என்று சொன்னாலும் அவளால் முடியவில்லை. கெண்டைக்கால் தசை கல்லாய் இறுகியிருந்தது. ஓடி ஏறிய படிகளில் கைப்பிடியைத் தேடினாள். நான்கு வயதில், பேசிக்கொண்டிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக நழுவின.

முதலில் பார்த்த மருத்துவமனையில் பெருமூளை வாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டுகள் பிசியோதெரபி செய்தோம். புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சான அமோனியாவைக்கூட ரத்தத்தில் பார்த்தார்கள்; சற்றே கூடுதல், பொருட்படுத்த வேண்டியதில்லை என்றார்கள்.

பிறகு வேறொரு நரம்பியல் மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார். "முன்பு செய்த எதையாவது இப்போது செய்ய முடியாமல் போயிருக்கிறதா?" இரண்டாவது: "எதைச் சாப்பிட மறுக்கிறாள்?"

முதல் கேள்விக்கு என்னிடம் நீண்ட பட்டியலே இருந்தது. பெருமூளை வாதத்தில் மூளைக்கு நேர்ந்த காயம் மேலும் பெருகுவதில்லை. கற்றதைக் குழந்தை தொடர்ந்து இழந்துகொண்டே போனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று அவர் சொன்னார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்குக் குரல் எழவில்லை. பால், முட்டை, இறைச்சி எனப் புரதம் நிறைந்த மூன்றையும் அவள் தள்ளிவிடுவாள். உடம்பு தேறட்டும் என்று மடியில் இருத்தி ஊட்டியவள் நான்தான். அவள் உடல் தாங்க முடியாததைத் தானே விலக்கிக்கொண்டிருந்தது.

புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களை ரத்தத்தில் அளக்கச் சொன்னார். முதல் மாதிரியை ஆய்வகம் ஏற்கவில்லை. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்றது. எனக்குக் கோபம் வந்தது. காரணம் தெரிந்ததும் தணிந்தேன். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் அர்ஜினேஸ் என்ற நொதி நிறைந்திருக்கிறது. சிவப்பணு உடைந்தால் அந்த நொதி வெளியே வந்து, குழாயில் இருக்கும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை ஆர்னிதைன் என்ற வேறொன்றாக மாற்றிவிடும். அளவு பொய்யாகக் குறையும். அதனால்தான் ரத்தத்தைக் குளிரில் வைத்து விரைவாகப் பிரித்தெடுக்கிறார்கள். இரண்டாவது மாதிரியில் அர்ஜினைன் லிட்டருக்கு 640 மைக்ரோமோல். ஏறத்தாழ நூறோ அதற்குக் கீழோ இருக்க வேண்டியது. சிவப்பணுக்களில் நொதியை அளந்தபோது அது அநேகமாக இல்லவே இல்லை. மரபணுப் பரிசோதனையும் அதையே சொன்னது: அர்ஜினேஸ்-1 குறைபாடு. பெற்றோர் எங்கள் இருவரிடமும், இந்த நொதியை உருவாக்கும் ஏஆர்ஜி1 மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தது. இரண்டும் அவளிடம் சேர்ந்துவிட்டன.

புரதம் சிதையும்போது வரும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்கி வெளியேற்றுகிறது. இந்தச் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும் 1932-இல் விளக்கினார்கள். அதன் கடைசிப் படியில் நிற்பது அர்ஜினேஸ்: அர்ஜினைனை யூரியாவாகவும் ஆர்னிதைனாகவும் பிரிக்கிறது. சுழற்சியின் முந்தைய படிகள் கடுமையாகப் பழுதானால், குழந்தை பிறந்த சில நாட்களிலேயே அமோனியா எகிறி அதைச் சாய்த்துவிடும். கடைசிப் படி பழுதானால் அமோனியா பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கிறது. அர்ஜினைன்தான் ஆண்டுக்கணக்கில் தேங்குகிறது. கால்கள் இறுகுகின்றன, வளர்ச்சி தடைப்படுகிறது, வலிப்பு வரலாம். அமோனியாவை மட்டும் பார்த்து இந்த நோயை விலக்கிவிடக் கூடாது. காரணம் தெரியாமல் கால் இறுகும் குழந்தைக்கு அமினோ அமிலப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று யாரிடமும் சொல்வேன்.

சிகிச்சை என்றதும் புரதத்தைக் குறைத்தால் போதும் என்று எண்ணினேன். அது பாதிதான். உடல் தானே அர்ஜினைனைத் தயாரிக்கிறது. பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ தன் தசையையே கரைத்து இன்னும் கொட்டுகிறது. அளவுக்கு மீறிக் குறைத்தாலும் அதே கதை. எனவே எடை போட்டு அளந்த உணவு, அர்ஜினைன் இல்லாத அத்தியாவசிய அமினோ அமிலப் பொடி, நைட்ரஜனைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவும் சோடியம் பென்சோயேட். அர்ஜினைனை 200-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. ஓராண்டு கடுமையாகக் காத்தும் 290-இல் நிற்கிறது.

இதே நொதி வேறு நோய்களில் எதிர்ப்பக்கம் சாய்கிறது என்று படித்தபோது வியந்தேன். அரிவாள் செல் ரத்தசோகையில் உடைந்த சிவப்பணுக்களிலிருந்து அர்ஜினேஸ் கசிந்து அர்ஜினைனைக் குறைத்துவிடுகிறது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு அந்த அர்ஜினைனிலிருந்துதான் உருவாக வேண்டும்.

இந்நோய் மருத்துவ ஏட்டில் முதலில் பதிவானது 1969-இல், ஜெர்மனியைச் சேர்ந்த சகோதரிகளிடம். அடுத்த ஆண்டே அவர்களுக்கு முயல்களின் ஷோப் பாப்பிலோமா வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். அது அர்ஜினைனைக் குறைக்கும் என்ற நம்பிக்கை. பலன் இல்லை. அந்தக் குழந்தைகளின் தாயை நான் அடிக்கடி நினைக்கிறேன். 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் பெக்சிலார்ஜினேஸ் என்ற மருந்தை அனுமதித்தது. மனித அர்ஜினேஸில் இயல்பாக இருக்கும் மாங்கனீசுக்குப் பதிலாகக் கோபால்ட்டை வைத்து உருவாக்கியது. எங்களுக்கு அது இன்னும் கிட்டவில்லை.

என் பையில் எப்போதும் ஒரு கடிதம் இருக்கிறது. யூரியா சுழற்சியின் மற்றக் குறைபாடுகளில் அமோனியா ஏறினால் அர்ஜினைனையே மருந்தாக ஏற்றுவார்கள். என் மகளுக்கு அது கூடாது. வலிப்புக்கு வால்புரோயேட்டும் கூடாது. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி வாங்கியிருக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் வாந்தியும் காய்ச்சலுமாக நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் வழக்கமான நெறிமுறையைப் பார்த்து அர்ஜினைனையும் எழுதிவிட்டார். கடிதத்தை நீட்டினேன். நின்று இரண்டு முறை படித்தார். எழுதியதை அடித்துவிட்டு, "குளுக்கோஸ் மட்டும் போகட்டும்" என்று செவிலியரிடம் சொன்னார்.

விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. அவள் தண்ணீர் கேட்டாள். "அம்மா, தண்ணி" என்று இரண்டு சொற்களாகச் சேர்த்துக் கேட்டாள்.